சாப்பிட்ட பிறகு நின்ற வரிசை

"அந்த லைன் எங்கே இருக்கு, அப்பா?"

லோஜனா இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. ஆங்கிலத்தில்தான் கேட்டாள். அகதிகளும் மற்றவர்களைப் போல லைனில் நின்று வர வேண்டும் என்று தொலைக்காட்சியில் யாரோ ஓர் அரசியல்வாதி சொல்லிக்கொண்டிருந்தார். அது பாங்கில் இருப்பதைப் போலக் கயிறு கட்டிய லைனா, ஒரு நாள் போய்ப் பார்க்கலாமா என்று மேலும் கேட்டாள்.

"சாப்பிடு பிள்ளை, இடியப்பம் ஆறுது" என்றார் கேதீஸ்வரன். இருபது வருடமாக அவளுக்குக் கிடைத்த பதில் அவ்வளவுதான்.

பதில் தெரியாமல் இல்லை. அவர் எந்த லைனிலும் நின்றவர் அல்லர். யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்ததற்கு அடுத்த வருடம், கோலாலம்பூரில் விமானம் ஏறி ஒக்லாந்தில் இறங்கும்வரை, பதினொரு மணித்தியாலம் அவர் இராசரத்தினம் என்ற மலேசியர். பாஸ்போர்ட்டில் படம் மட்டும் அவருடையது. இறங்கியதும் கவுண்டரில் இருந்த அதிகாரியிடம் தன் சொந்தப் பெயரைச் சொன்னார். அகதி என்றும் சொன்னார்.

முதல் விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். மேன்முறையீட்டுக்கு யாராவது ஒருவர் கடிதம் கொடுத்தால் நல்லது என்றார் வழக்கறிஞர். அந்த ஊரில் அவருக்குத் தெரிந்த ஒரே வெள்ளைக்காரப் பெண் டொரத்தி. ஓய்வுபெற்ற ஆசிரியை, ஒனிஹங்காவில் கட்சிக் கிளைச் செயலாளர். தொழிலாளர்களுக்காகவும் ஏழைகளுக்காகவும் பேசுகிற கட்சி என்று அப்போது எல்லாரும் அதைச் சொல்வார்கள். டொரத்தி தட்டச்சு இயந்திரத்தில் அரைப் பக்கம் அடித்தார். 'இவரை எட்டு மாதமாக எனக்குத் தெரியும். இவர் சொல்வதை நம்புகிறேன். சந்தேகம் இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள்.' கீழே பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண்.

விசாரணை நாளில் டொரத்தி காலை ஒன்பது மணியிலிருந்து கதவுக்கு வெளியே ஒரு வாங்குப் பலகையில், தேநீர்ப் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலு மணிக்கு வெளியே வந்த கேதீஸ்வரன் நன்றி சொல்ல வாயெடுத்தபோது, "எனக்குக் கால் வலிக்கிறது, பஸ் தரிப்பிடம் வரைக்கும் வருகிறாயா?" என்று கேட்டார். கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். நன்றி அன்று சொல்லப்படவில்லை. பிறகும் டொரத்தி அதற்கு இடம் கொடுக்கவில்லை.

கேதீஸ்வரன் கட்சியில் சேர்ந்தது அதனால்தான். கொள்கைப் புத்தகத்தை இன்றுவரை அவர் வாசித்ததில்லை. டொரத்தி இருக்கும் இடம் நல்ல இடமாகத்தான் இருக்கும் என்று நினைத்தார். கந்தன் இருக்கும் இடம் எது என்று விசாரிக்காமல் கும்பிடுகிறவருக்கு இது பெரிய காரியம் இல்லை.

இந்தத் தேர்தல் வருடத்தில் கட்சிக்கு லண்டனிலிருந்து ஞானம் வந்தது. அங்கே ஆட்சியில் இருக்கும் சகோதரக் கட்சி, அனுமதியில்லாமல் வந்து சேரும் அகதிகள் நிரந்தரமாகத் தங்க இருபது வருடம் காத்திருக்க வேண்டும் என்று திட்டம் அறிவித்திருந்தது. வலதுசாரிகள் வாக்குகளை அள்ளிக்கொண்டு போகிறார்களாம். அவர்களைத் தடுக்க ஒரே வழி, அவர்கள் சொல்வதை அவர்களுக்கு முன்னால் சொல்லிவிடுவதாம். கள்ளன் வருவான் என்று பயந்து வீட்டுச் சாமான்களைத் தாங்களே தெருவில் எடுத்து வைப்பதற்கு வியூகம் என்று பெயர். அந்த வியூகத்தைக் கேதீஸ்வரனுக்கு விளக்கியவன் கௌசிகன். இங்கே பிறந்து வளர்ந்த முப்பத்துநாலு வயதுக்காரன், எம்.பி. மாத்யூவின் பிரசாரப் பொறுப்பாளன்.

"அங்கிள், இது ரேசிசம் இல்ல. ஃபெயர்னெஸ். லண்டன்ல நம்பர்ஸ் பாத்திட்டுத்தான் செய்யினம்."

"நம்பர்ஸ் என்ன சொல்லுது, தம்பி?"

"எங்கட ஆக்கள் எப்பிடியும் எங்களுக்குத்தான் வோட் போடுவினம். வேற எங்க போறது?"

"ஓகோ. போக இடமில்லாத ஆக்களை அடிக்கிறது சுகம்தான்."

கௌசிகன் சிரித்தான். பெரியவர் பகிடி விடுகிறார் என்று நினைத்திருப்பான்.

இங்கேயும் அதையே சொல்ல அவனுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. முறையாக வரிசையில் நின்று வந்த, நரைத்த தலையுள்ள, நல்ல தமிழ் முகம். துண்டறிக்கையில் படமும், போனில் பார்க்கிற குட்டி வீடியோவும் வரும். 'நானும் வரிசையில் நின்றுதான் வந்தேன்' என்று ஒரு வசனம், அவ்வளவுதான். கேதீஸ்வரன் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

"இருபத்தெட்டு வருசமா வீடு வீடாப் போய் லெட்டர்பொக்ஸுக்குள்ள பேப்பர் போட்டியள்" என்றாள் மனைவி உஷா. "இப்ப அந்தப் பேப்பரிலேயே உங்களைப் போடப்போயினம். பதவி உயர்வு."

"சும்மா இரும்."

"நான் சும்மாதான் இருக்கிறன். நீங்கள் ஏதோ லைனில நிண்டனீங்களாம். எந்த லைன், சங்கக்கடையில மண்ணெண்ணெய்க்கு நிண்டதோ?"

யோசித்து மறுக்கத்தான் இருந்தார். அந்தச் சனிக்கிழமை சாந்தகுமாரி வந்தாள்.

சனிக்கிழமைகளில் மாத்யூவின் அலுவலக முன்மேசையில் கேதீஸ்வரன்தான் இருப்பார். சாந்தகுமாரி திருநெல்வேலிக்காரி. ஹில்ஸ்பரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்த்தவள். டொரத்தி கடைசி ஒன்றரை வருடம் கிடந்தது அங்கேதான். ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கப் போகும் கேதீஸ்வரன், இவள் கால்மாட்டில் முழங்காலிட்டு டொரத்தியின் நகங்களை வெட்டிக்கொண்டிருப்பதைப் பல தடவை கண்டிருக்கிறார். காலுறையை ஹீட்டரின் மேல் போட்டுச் சூடாக்கி மாட்டிவிடுவாள். அதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

இல்லத்தை மூடிவிட்டார்கள். அவளுடைய விசா அந்த வேலையோடு கட்டப்பட்ட விசா. வேறோர் இல்லம் அவளை எடுக்கத் தயாராக இருந்தும், பழைய முதலாளி கொடுக்க வேண்டிய தாள் பிந்தியதால் விண்ணப்பம் தள்ளுபடி. மிச்சம் இருந்தது குடிவரவு அமைச்சரிடம் போட்ட மனு மட்டும்தான்.

"மனு அனுப்பிட்டேன் அண்ணா, இது ஜெராக்ஸ்" என்று தாள்கள் நிறைந்த கோப்பு ஒன்றை மேசையில் வைத்தாள். "எம்.பி. சார் ஒரு லெட்டர் குடுத்தா அமைச்சர் ஆபீஸ்ல எடுத்துப் பாப்பாங்கன்னு சொல்றாங்க. நெசமா?"

"ஓம், பார்ப்பினம்."

"விசா முப்பதாம் தேதியோட முடியுது. என் பொண்ணு அபர்ணாவுக்கு ஸ்கூல்ல இது கடைசி வருசம். பரீட்சை எழுதிட்டா போதும், அப்புறம் தொரத்தினாக்கூடப் போயிடுவேன். ஒரு நாள் கூடுதலா இருக்கமாட்டேன்னு எழுதிக்கூடக் குடுக்குறேன்."

கேதீஸ்வரன் கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இப்படியான கடிதங்களை அந்த அலுவலகம் மாதம் நாலைந்து கொடுக்கும். இந்த வருடம் ஒன்றும் வெளியே போகவில்லை என்பது அவருக்குத் தெரியும். கௌசிகனைக் கூப்பிட்டார்.

"லெட்டர் விசயம் நான் பாக்கிறன், அங்கிள்" என்றான் அவன். உடனேயே, "ஞாயிற்றுக்கிழமை கோவில்ல அந்த வீடியோவை எடுத்திடுவமே?" என்றான்.

இரண்டு வசனங்களுக்கும் இடையில் 'ஆகையால்' என்ற சொல் இல்லை. படித்த பிள்ளைகள் அதைச் சொல்லமாட்டார்கள்.

கோவிலில் ஞாயிறு மத்தியானம் அன்னதானம். அறுபது எழுபது பேர் தட்டோடு வரிசையில் நிற்பார்கள். அந்த வரிசையின் பக்கத்தில் மாத்யூவை நிறுத்திப் படம் பிடிப்பது கௌசிகனின் திட்டம். கார் நிறுத்த இடம் தேடி அவன் இருபது நிமிடம் பிந்தினான். அந்த இருபது நிமிடத்தில் கோவில் தலைவர் கதிர்காமநாதன் தன் கடமையைச் செய்துவிட்டார். கோட் போட்ட ஒருவர் சோற்று வரிசையில் நிற்பதை அவர் கண்டதில்லை. நிற்க விட்டதும் இல்லை. மாத்யூவுக்குப் பொன்னாடை போர்த்தி, "விலகுங்கோ, விலகுங்கோ" என்று சனத்தைப் பிரித்து, முன்னால் கூட்டிப்போய், மேசை போட்டு, வாழையிலை விரித்து உட்கார்த்தினார். எல்லாரும் விலகி வழிவிட்டார்கள். மாத்யூ சோறு, சாம்பார், மூன்று கறி, பாயசம் இரண்டு தரம் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். அவர் கெட்டவர் அல்லர். கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதைக்கு வேலை குறைந்திருக்கும்.

கௌசிகன் ஓடி வந்து பார்த்தபோது மாத்யூ கை கழுவிக்கொண்டிருந்தார்.

"லைன்ல நிக்கிற ஷொட் எங்க?"

"அவர் சாப்பிட்டிட்டார் தம்பி, வடிவாச் சாப்பிட்டவர்" என்றார் கதிர்காமநாதன் பெருமையோடு.

ஆகவே பொன்னாடையைக் கழற்றினார்கள். கழுவிய தட்டு ஒன்றைக் கையில் கொடுத்து, நிறைந்த வயிற்றோடு மாத்யூவை வரிசையின் கடைசியில் நிறுத்தினார்கள். உண்மையாகவே பசித்து வந்த ஒரு முதியவர் அவருக்குப் பின்னால் போய் நின்றார். படத்துக்குள் வருகிறார் என்று அவரை இரண்டு அடி தள்ளி நிற்கச் சொன்னார்கள். வரிசை நாலு பேர் நகர்ந்ததும் போதும் என்றான் கௌசிகன். மாத்யூ தட்டை அடுக்கில் திருப்பி வைத்தார்.

அண்டாவுக்குப் பின்னால் சோறு பரிமாறிக்கொண்டிருந்தவள் சாந்தகுமாரி. பரிமாறுகிறவர்கள் எல்லாருக்கும் பிறகுதான் சாப்பிடுவது அங்கே வழக்கம். அகப்பையைப் பிடித்தபடி அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை.

பிறகு கேதீஸ்வரனின் முறை. மூலஸ்தானத்தின் திரை விலகியிருந்தது. அந்தப் பக்கம் முதுகு இருக்கும்படி தானாகவே திரும்பி நின்றுகொண்டார். முதல் தடவை 'நானும்' என்பதோடு நிறுத்திக்கொண்டார். இரண்டாம் தடவை இருமல் வந்தது. முப்பதாம் திகதியை நினைத்துக்கொண்டு மூன்றாம் தடவை சொன்னார்.

"நானும் வரிசையில் நின்றுதான் வந்தேன்."

"சூப்பர் அங்கிள். நேச்சுரலா இருக்கு."

அன்று அவர் சாப்பிடவில்லை. உஷா ஏன் என்று கேட்கவும் இல்லை.

பத்து நாளில் துண்டறிக்கை வீடு வீடாக வந்தது. கடிதம் வரவில்லை. பதினெட்டாம் திகதி கௌசிகனைப் பிடித்தார்.

"லெட்டர் ரெடி அங்கிள். எலெக்சன் முடிஞ்ச உடன அனுப்புறம்."

"எலெக்சனுக்கு இன்னும் மாசக்கணக்கு கிடக்கு. அவவின்ர விசா முப்பதாம் திகதி."

"எனக்கு விளங்குது. இப்ப குடுத்தா, லைனைத் தாண்டி ஆளை உள்ளுக்கு விடுறம் எண்டு மற்றப் பக்கம் கத்துவாங்கள். நாங்க கன்சிஸ்டன்டா இருக்கோணும்."

"அண்டைக்கு மாத்யூ கன்சிஸ்டன்டா இருந்தவரோ, தம்பி?"

"அது கோவில், அங்கிள்" என்றான் கௌசிகன்.

சாந்தகுமாரியைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. அவள் குறுக்கே எதுவும் பேசாமல் கேட்டாள். "பரவால்ல அண்ணா. உங்களால ஆனதப் பண்ணுனீங்க" என்றாள். பிறகு, "வீடியோ பாத்தேன். நல்லாப் பேசுனீங்க" என்றும் சொன்னாள். அவள் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பார்.

அன்று மத்தியானம் லோஜனாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அவள் இப்போது கணவனோடு மவுண்ட் ஆல்பர்ட்டில் இருக்கிறாள். தன் வீட்டு லெட்டர்பொக்ஸில் கிடந்த துண்டறிக்கையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். நரைத்த தலை, நல்ல தமிழ் முகம், பக்கத்துப் படத்தில் கழுவிய தட்டோடு மாத்யூ. கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி:

'லைனைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் போலிருக்கிறது, அப்பா.'

கேதீஸ்வரன் குசினி மேசையில் உட்கார்ந்தார். உஷா வேலைக்குப் போயிருந்தாள். வெள்ளைத்தாளை எடுத்து அமைச்சருக்கு எழுதத் தொடங்கினார். கட்சியின் பெயரையோ தான் அதில் இருந்த வருடங்களையோ எழுதவில்லை. மனுவின் இலக்கத்தைச் சாந்தகுமாரி தந்த கோப்பிலிருந்து பார்த்து எழுதினார். டொரத்தி என்ற முதியவளின் கால்களைப் பற்றி எழுதினார். சூடாக்கிய காலுறையைப் பற்றி எழுதினார். அமைச்சருக்கு அது எதற்கு என்று ஒரு கணம் யோசித்து, இருக்கட்டும் என்று விட்டார்.

கடிதத்தின் அடுத்த பந்தியை எழுத அரை மணித்தியாலம் பிடித்தது.

'என் சொல்லை நீங்கள் நம்ப வேண்டும் என்பதால் இதையும் சொல்கிறேன். நான் வரிசையில் நின்று வந்ததாக ஒரு துண்டறிக்கையில் இருக்கிறது. அது பொய். அதைச் சொன்னவன் நான்தான். இன்னொருவர் பெயரில் இந்த நாட்டுக்கு வந்தேன். எட்டு மாதம் மட்டுமே என்னை அறிந்த ஒரு பெண் எனக்காக எழுதினார். சாந்தகுமாரியை எனக்கு மூன்று வருடமாகத் தெரியும். இவர் சொல்வதை நம்புகிறேன். சந்தேகம் இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள்.'

கீழே பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண்.

அந்தக் கடிதம் யார் கைக்குப் போகும், எங்கே எடுத்துக் காட்டப்படும் என்று அவருக்குத் தெரியாது. சாந்தகுமாரியிடம் சொல்வதில்லை என்று முடிவு செய்தார். சொன்னால் நன்றி சொல்வாள். பிறகு தனக்குக் கால் வலிக்கிறது என்று சொல்லி அவளைப் பஸ் தரிப்பிடம் வரைக்கும் கூட்டிப் போக வேண்டும்.

பாராளுமன்றத்துக்குப் போகும் கடிதத்துக்கு இந்த நாட்டில் முத்திரை தேவையில்லை. உறையை ஒட்டி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒனிஹங்கா ஸ்டேஷன் பக்கம் நடந்தார். ரயில் அப்போதுதான் போயிருந்தது, தெருவில் ஒருவரும் இல்லை. தபால் பெட்டியின் முன்னால் செருப்பைக் கழற்றினார். ஏன் கழற்றினார் என்று கேட்க அங்கே ஆள் இல்லை. கடிதத்தை உள்ளே விட்டு, அது அடியில் விழும் சத்தம் கேட்கும்வரை நின்றார்.

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.