அக்காவுக்கு வந்த மின்னஞ்சல்

...கோடு அழகாகத்தான் சரிகிறது, போலி மின்னஞ்சலை நம்பிச் சொடுக்குகிறவர்கள் நம் நிறுவனத்தில் குறைந்துவிட்டார்கள் என்று இந்த ஒரு வரைபடத்தைக் காட்டினாலே போதும், இயக்குநர்கள் தலையாட்டிவிடுவார்கள், அவன் மாதக்கணக்கில் மெனக்கெட்ட தகவல் பாதுகாப்புத் திட்டம் இன்றைக்குத் தேறிவிடும், பிறகு ஏன் அதை மூடுவதும் திறப்பதுமாக இருக்கிறான்... கோட்டின் உச்சியில் கணக்குப் பிரிவு அக்கா நிற்கிறாள், அதனால்தான். யார் யார் ஏமாறுகிறார்கள் என்று பார்க்கப் போன வருடம் அவனே அனுப்பிய சோதனை மின்னஞ்சல், 'உங்கள் இடமாற்றம் ஏற்கப்பட்டது', என்ன சாமர்த்தியம் என்று அன்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டான், படுத்த படுக்கையாகக் கிடக்கும் அம்மாவின் ஊருக்கு மாற்றல் கேட்டு அக்கா நாயாய் அலைந்தது அவனுக்குத் தெரியாதா, தன் சாப்பாட்டில் பாதியை அவனுக்கு எடுத்து வைத்தபடிதானே அத்தனையும் சொன்னாள்... தெரியும், எழுதும்போது நினைவுக்கு வரவில்லை, வரவில்லையா, இல்லை, அந்த யோசனையே அங்கிருந்துதான் வந்ததா? சொடுக்கினாள், அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லியும்விட்டாள், சாயங்காலம்தான் அது வெறும் சோதனை என்ற அறிவிப்பு போனது. சண்டைக்கு வந்திருந்தால் தேவலை. "பரவால்ல தம்பி, உன் வேலை அது" என்றாள், மறுநாளிலிருந்து தனியாகச் சாப்பிட்டாள்.

இப்போது பார், சந்தேக மின்னஞ்சல்கள் வந்து விழும் அவனுடைய பெட்டியில் அக்கா தள்ளிவிட்ட ஒன்று, திறக்கக்கூட இல்லை, 'உங்கள் இடமாற்றம் ஏற்கப்பட்டது, இன்று மாலைக்குள் சம்மதம் தெரிவிக்கவும்'. முகவரியைத் துருவித் துருவிப் பார்த்தான், பணியாளர் பிரிவில் விசாரித்தான், அசல். நிஜமாகவே கொடுத்துவிட்டார்கள், அவளோ அவன் கற்றுக்கொடுத்தபடி குப்பையில் போடச் சொல்கிறாள்... இந்தக் கோடு இறங்கியதெல்லாம் இப்படித்தானா?

கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள், கூப்பிடட்டும், படியிறங்கிக் கணக்குப் பிரிவுக்கு ஓடினான். "அக்கா, அந்த மெயில் நிஜம்க்கா. இன்னைக்கே பதில் போடணும்." அக்கா அவனையே பார்த்தாள், முகத்தில் கோபம்கூட இல்லை. "நேர்ல வந்து சொல்ற மாதிரியும் இப்ப டெஸ்ட் வெச்சிருக்கியா தம்பி?" இல்லை என்று சொல்ல வாயெடுத்தான், ஏமாற்ற வருகிறவனும் அதைத்தானே சொல்வான்... "பணியாளர் பிரிவுக்கே போன் போட்டுக் கேளுங்க, நம்பர் தரேன்" என்றான். அவள் கையமர்த்தினாள், சுவரில் ஒட்டியிருந்த தாளில் தானே தேடி எண்ணை அழுத்தினாள், அவன் பாடம் எடுத்தபடி, எண்ணைக்கூட அவன் வாயிலிருந்து வாங்காமல். சரிதான், திட்டத்தில் அவன் எழுதியிருப்பதும் இதுவேதான், ஒரு குற்றம் சொல்ல முடியாது... ஊருக்குப் போவதற்குள் ஒரு நாளாவது தன்னோடு சாப்பிட உட்காருவாளா என்று கேட்க வேண்டும்போல் இருந்தது, கேட்டால் அதை மட்டும் நம்பிவிடுவாளா என்ன.