மாமா நம்பர்

எங்கள் வீட்டில் எந்தப் படிவமானாலும் தொலைபேசி எண் கேட்கும் இடத்தில் என் மகனின் நம்பர்தான். டாக்ஸி ஓட்டுகிறவன், எந்நேரமும் போனை எடுப்பான். ஆஸ்பத்திரி, வாடகை வீடு, எல்லாவற்றுக்கும் அதுதான். படிவங்களை நிரப்புகிறவள் என் மகள் வயிற்றுப் பேத்தி. இந்த ஊர் பாஷை எங்களில் அவளுக்குத்தான் ஒழுங்காக வரும். பத்து வயதிலிருந்தே எங்களுக்காகப் பேசிப் பேசி, வீட்டில் அவள் பெயரே வக்கீல்.

அந்த வக்கீல், தன் கல்லூரி விண்ணப்பத்திலும் கைப்பழக்கத்தில் மாமா நம்பரையே எழுதிவிட்டாள்.

தோழிக்கு இடம் கிடைத்ததைக் கேட்டு விசாரித்தபோதுதான் தெரிந்தது, இவளுக்கு இடம் கிடைத்த செய்தியும் போன வாரமே மாமாவின் போனுக்கு வந்திருக்கிறது. அவன் அழித்துவிட்டான்.

"படிக்கத் தெரியாத பாஷைல எது வந்தாலும் விளம்பரம்னு அழிச்சிடுவேன்க்கா. இது காலேஜ் சேதின்னு எனக்குத் தெரியுமா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டான்.

"உனக்கு என்னதான் தெரியும்? தின்னத் தெரியும்" என்றாள் என் மகள்.

திங்கட்கிழமை காலை, தான் வேலை செய்யும் சலவைக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு மகளும், பேத்தியும் கல்லூரிக்குக் கிளம்பினார்கள். நானும் போனேன். வீட்டில் தனியாகக் கவலைப்படுவதற்கு வரிசையில் நின்று கவலைப்படலாமே.

இரண்டு மணி நேரம் நின்றோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் கணினியைப் பார்த்து மெதுவாக ஏதோ சொன்னாள். 

"என்னடி சொல்றாங்க?" என்றாள் என் மகள்.

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள சம்மதம் சொல்லியிருக்கணுமாம். சொல்லாததால இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்களாம்."

ஆஸ்பத்திரியில் எனக்குச் சர்க்கரை என்று சொன்ன அதே குரலில் சொன்னாள்.

"மாமா அழிச்சிட்டான்னு சொல்லு."

"சொல்லிட்டேன்."

"அழுது சொல்லேன்டி!"

"அழுதா எனக்கு இவங்க பாஷை வராதும்மா."

அந்த அம்மாள் எங்கள் மூவரையும் பார்த்தாள். பிறகு வேறு ஒரு தாளை நீட்டினாள். சாயங்கால வகுப்பில் இடம் இருக்கிறதாம். படிப்பு அதேதான், ஆனால் மூன்று வருஷம் ஐந்தாகும். இல்லையென்றால் அடுத்த வருஷம் பகல் வகுப்புக்கு மறுபடி விண்ணப்பிக்கலாம், கிடைக்குமா என்று சொல்ல முடியாது.

பேத்தி எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. அங்கேயே நின்று சாயங்கால வகுப்புத் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே பஸ் நிறுத்தத்துக்கு வந்தோம். என் மகள்தான் ஆரம்பித்தாள்.

"சாயங்காலம்தானே கிளாஸு. பகல்ல சும்மாதானே இருப்ப. வியாழக்கிழமை மாமா பொண்டாட்டிக்குக் கண் ஆஸ்பத்திரி, நீதான் கூடப் போகணும்."

"பகல்ல வேலை தேடணும்மா."

"ஆஸ்பத்திரி முடிச்சிட்டுத் தேடு."

எனக்கே சுருக்கென்றது. ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அடுத்த வாரம் எனக்கும் ரத்தப் பரிசோதனை இருந்தது. சொல்லவில்லை.

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள் பேத்தி.