இடது கால்

அந்த அம்மா கார் சாவியை முதலில் கொடுக்கவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தைத்தான் கொடுத்தார்.

"இதைப் படிச்சிட்டு அப்புறம் வண்டியைத் தொடுங்க."

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு பிரித்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தது. தேதி, கிளம்பிய நேரம், வண்டி நின்ற நேரம், மறுபடி ஸ்டார்ட் ஆக எத்தனை நிமிடம். பதினாறு நாளில் பதினொரு முறை நின்றிருந்தது.

"தினமும் ஓட்டினீங்களாம்மா?"

"தினமும். அதே ரோடு, அதே மூணு மணி."

வெளியே நின்ற கறுப்பு வண்டிக்கு வயது இருபத்திரண்டு. தோல் சீட், மரத்தகடு பதித்த டேஷ்போர்டு, தெருவை அடைத்துக்கொள்ளும் நீளம். பட்டறையில் அதற்குக் 'கப்பல்' என்று பெயர். எட்டு வருடமாக அதை வக்கீல்தான் சர்வீசுக்கு ஓட்டி வருவார். வக்கீல் போய் நாற்பது நாள் ஆகிறது. துக்கம் கேட்கப் போன மெக்கானிக், கூட்டத்தைப் பார்த்துவிட்டு வாசல் கேட்டோடு திரும்பி வந்திருந்தார். வக்கீலின் மனைவியை இவ்வளவு பக்கத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"வழியில வண்டி நின்னுடுச்சுன்னு கேள்விப்பட்டேம்மா."

"நான் ஓட்டுற சின்ன வண்டியும் வாசல்லதான் இருந்துச்சு. நெஞ்சு வலியோட மடங்கி உட்கார வேண்டாம், காலை நீட்டிப் படுத்துக்கட்டும்னு நான்தான் இதை எடுத்தேன். இருபத்திரண்டு நிமிஷம் ஓடுச்சு. மேம்பாலம் ஏறும்போது முன்னாடி போன லாரி நின்னுச்சு. நான் பிரேக்கை மிதிச்சேன். குலுங்கிச்சு, அணைஞ்சுது. பத்தொன்பது நிமிஷம் ஸ்டார்ட்டே ஆகலை. யாரோ வேன்ல ஏத்திக்கிட்டுப் போனாங்க. அதுக்குள்ள முடிஞ்சு போச்சு."

பாடம் ஒப்பிப்பதைப் போலச் சொன்னார். பலமுறை சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்.

"இது கிளட்ச் இல்லாத வண்டி. நான் ஓட்டுறது கிளட்ச் வண்டி. பதட்டத்துல பழக்கதோஷமா இடது காலையும் சேர்த்து பிரேக் மேல வெச்சு அமுக்கியிருப்பே, அதான் அணைஞ்சிருக்கும்னு பையன் சொல்றான். திட்டிச் சொல்லலை, சமாதானமாத்தான் சொல்றான். அதுதான் தாங்க முடியலை."

"அப்படி அமுக்கினீங்களா?"

"ஞாபகமே இல்லை. அதனாலதான் வந்தேன். வண்டியா, என் காலா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. ஆறுதல் சொல்லாதீங்க. முப்பத்தொரு வருஷம் கணக்கு டீச்சரா இருந்தவ நான். வெறும் விடையை எழுதினா மார்க் போட மாட்டேன்."

சாவியை மேஜையில் வைத்துவிட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.

பட்டறையில் எலக்ட்ரிக் வேலையெல்லாம் மெக்கானிக்கின் மச்சினன் பொறுப்பு. அக்காவைக் கட்டிக்கொடுத்த பாவத்துக்கு இங்கே மாட்டிக்கொண்டேன் என்பது அவன் தினமும் சொல்லும் வசனம். பானெட்டைத் தூக்கி இன்ஜினை ஓடவிட்டான். கப்பல் நின்ற இடத்திலேயே உதறியது.

"ஜன்னி வந்த மாதிரி நடுங்குது மாமா."

பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தார்கள். நன்றாக இருந்தன. பிளக்குக்குத் தீப்பொறி தரும் காயில்களை இடம் மாற்றிப் போட்டார்கள். நடுக்கம் மாறவில்லை. பெட்ரோல் அழுத்தமும் சரியாக இருந்தது. கடைசியில் மெக்கானிக் ஸ்ப்ரேயை எடுத்து, காற்று உள்ளே போகும் ரப்பர் குழாய்களின் மேல் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். பின்பக்கம் ஓர் இடத்தில் அடித்ததும் இன்ஜினின் சத்தம் சட்டென மாறியது; ஸ்ப்ரே அங்கே உள்ளே போகிறது. கைக்கண்ணாடியை உள்ளே நீட்டிப் பார்த்தார். குழாயின் அடிவயிற்றில் விரல் நீளத்துக்குப் புது வெடிப்பு.

குழாயை மாற்றியதும் நடுக்கம் நின்றது.

"முடிஞ்சுது" என்றான் மச்சினன். "பானெட் மேல ஒரு டம்ளர் தண்ணி வெச்சாலும் ஆடாது."

மெக்கானிக்கின் முகம் தெளியவில்லை. இந்த வண்டியில் பிரேக்குக்கு வலு கொடுப்பதும் இன்ஜின் உறிஞ்சும் காற்றுதான். வெடித்த குழாயோடு, இரண்டு காலையும் வைத்து ஒரே அழுத்தாக அழுத்தினால் இன்ஜின் மூச்சுத் திணறும். அணைந்தும் போகலாம். அப்படியானால் பையன் சொன்னது சரி என்று ஆகிவிடும்.

மறுபடி நோட்டைப் பிரித்தார். "பத்தொன்பது நிமிஷம் ஏன் ஸ்டார்ட் ஆகலை மாப்ளே? குழாய் வெடிச்சா வண்டி உதறும். சாவியைத் திருப்பினா திரும்பக் கிளம்பிடுமே."

இருவரும் வண்டியை எடுத்துக்கொண்டு அந்த அம்மா எழுதியிருந்த அதே ரோட்டில் போனார்கள். இருபத்துநாலாவது நிமிடம், நேர் ரோட்டில், பிரேக்கைத் தொடாமலே இன்ஜின் அணைந்தது. சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றியது. ஆனால் சுற்றைக் காட்டும் முள் பூஜ்யத்திலேயே படுத்துக்கிடந்தது.

மெக்கானிக்குக்குப் புரிந்துவிட்டது. இன்ஜின் சுற்றுகிறது என்று வண்டியின் மூளைக்குச் சொல்லும் சென்சார் ஒன்று உண்டு. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். வயதாகிவிட்டால் சூட்டில் ஊமையாகிவிடும், ஆறினால் பேசும். மச்சினன் குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீரை அதன் மேல் ஊற்றினான். அடுத்த திருப்பில் வண்டி கிளம்பியது.

"தண்ணி ஊத்தினாத்தான் எந்திரிக்குது, ஞாயித்துக்கிழமை உங்களை மாதிரி" என்று சிரித்தான்.

மெக்கானிக் சிரிக்கவில்லை. அவருக்கு இந்தச் சென்சாரைத் தெரியும்.

பட்டறைக்கு வந்ததும் மச்சினன் வண்டியின் கோளாறைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினான். அந்தக் கருவி ஒரு வண்டியில் பார்த்ததை மறக்காது. பழைய பதிவுகளைத் தள்ளிக்கொண்டே வந்தவனின் விரல் நின்றது. இதே வண்டி, இதே சென்சார் கோளாறு. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு முறை, மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு முறை. இரண்டுக்கும் எதிரே 'அழிக்கப்பட்டது' என்று இருந்தது.

"மாமா, இது நீங்களா?"

"நான்தான்."

வக்கீல் அன்று பட்டறை வாசலில் நின்றபடியே சொன்னார்: "லைட்டை மட்டும் அணைச்சுக் குடுப்பா. அவ பார்த்தா என்னை நிம்மதியா இருக்க விட மாட்டா." சென்சாரை மாற்ற வேண்டும், பார்ட் வர இரண்டு மூன்று வாரம் ஆகும் என்று மெக்கானிக் சொல்லத்தான் செய்தார். பார்க்கலாம் என்றார் வக்கீல். வண்டி அதுவரை ஒரே ஒரு தடவைதான் நின்றிருந்தது. ஊரில் எல்லாப் பட்டறையிலும் நடப்பதுதான். ஒரு பொத்தானை அழுத்தினால் டேஷ்போர்டில் கோளாறைக் காட்டும் மஞ்சள் லைட் அணைந்துவிடும், வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போவார். அழுத்தினார். இரண்டாவது முறை வக்கீல் வாயைத் திறந்து கேட்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

மச்சினன் குரலைத் தாழ்த்தினான். "இன்ஜின் ட்யூப் வெடிச்சிருந்ததுன்னு சொல்லிடுங்க மாமா. அது பொய் இல்லையே. சென்சாரைச் சத்தம் போடாம மாத்திடுவோம். அந்தப் பையன் கம்ப்ளெயின்ட் அது இதுன்னு கிளம்பினா பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்."

"ட்யூப்னு மட்டும் சொன்னா அந்தம்மா கால் மேலதானே பழி நிக்கும்?"

மச்சினன் ஸ்கேனர் வயரைச் சுற்ற ஆரம்பித்தான்.

பார்ட் வர பதினாறு நாள் ஆனது. வழக்கமாக உளறிக்கொண்டே இருக்கும் மச்சினன் அந்த விஷயத்தை மட்டும் எடுக்கவில்லை. சென்சாரை மாட்டிய அன்றே மெக்கானிக் டீச்சருக்குப் போன் செய்தார்.

டீச்சர் மர ஸ்டூலில் உட்கார்ந்து, நோட்டை மடியில் வைத்துக்கொண்டார். மெக்கானிக் நின்றபடியே சொன்னார். குழாய் வெடிப்பு, சென்சார், தண்ணீர் ஊற்றியது. பிறகு ஸ்கேனரை அவர் முன்னால் வைத்து அந்த இரண்டு தேதிகளையும் காட்டினார்.

"லைட்டை அணைச்சது நான்தாம்மா. ரெண்டு தடவை."

டீச்சர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னார். ஆனா நான் அணைச்சிருக்கக் கூடாது."

"அன்னைக்குக் கிளம்பும்போதே லைட் எரிஞ்சிருந்தா நான் சின்ன வண்டியை எடுத்திருப்பேன்."

"ஆமாம்மா."

"நெஞ்சு வலியையும் மூணு மாசமா மறைச்சிருக்காரு. டாக்டர் சொல்லித்தான் எனக்கே தெரியும்." நோட்டை மூடி, திரும்பத் திறந்தார். "அப்ப என் கால் காரணம் இல்லைன்னு சொல்றீங்க."

"இல்லைம்மா."

"விடை வந்தாச்சு. வழிமுறை எங்கே? ட்யூபையும் மாத்திட்டீங்க, சென்சாரையும் மாத்திட்டீங்க. எதனால நின்னுச்சுன்னு எப்படித் தெரியும்? ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும். அந்த வெடிச்ச ட்யூபை மறுபடி மாட்டுங்க."

மச்சினன் மாமாவைப் பார்த்தான். மெக்கானிக் குப்பைப் பெட்டிக்குள் குனிந்து பழைய குழாயைத் தேடி எடுத்தார்.

மூன்று மணிக்குக் கிளம்பினார்கள். டீச்சர் ஓட்ட, மெக்கானிக் பக்கத்தில். கப்பல் பழையபடி உதறியது. வெடிப்பைக் கண்டுகொண்ட வண்டி சிறிது தூரத்திலேயே மஞ்சள் லைட்டைப் போட்டது. அதை இருவரும் பார்த்தார்கள்.

இருபத்திரண்டாவது நிமிடம் கடந்தது. இருபத்துநாலும் கடந்தது. மேம்பாலத்தின் ஏற்றத்தில், ஓரமாக, பின்னால் எதுவும் வராத நேரம் பார்த்து, டீச்சர் இடது காலை எடுத்து வலது காலின் பக்கத்தில் வைத்தார். இரண்டு காலாலும் பிரேக்கை அமுக்கினார்.

ஸ்டியரிங் நடுங்கியது. முள் சரிந்தது, இன்னும் சரிந்தது. கால் காரணம் இல்லை என்று மெக்கானிக் சொன்னது நம்பிக்கையில்தான், நிச்சயத்தில் இல்லை. இப்போது அணைந்தால், இந்த அம்மாவுக்கு ஆயுசு முழுக்க அந்தக் கால்தான்.

முள் அடியில் துடித்து, மெல்ல மேலே ஏறியது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

டீச்சர் இன்னும் இரண்டு முறை செய்தார். பிறகு நோட்டை எடுத்து எழுதினார்: 'மூன்று முறை. நிற்கவில்லை.' அடியில் ஸ்கேல் இல்லாமல் ஒரு கோடு போட்டார். கோணலாகத்தான் வந்தது.

வெகுநேரம் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"இறங்கிக்குங்க" என்றார்.

"அம்மா..."

"நீங்க மறைச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. அது எனக்குப் புரியுது. ஆனா இப்ப என்னால உங்க பக்கத்துல உட்கார்ந்திருக்க முடியலை. பஸ் பிடிச்சுப் போயிடுவீங்கல்ல?"

"போயிடுவேம்மா."

"ட்யூபை மாத்த நாளைக்குக் காலையில கொண்டு வரேன். பையனும் வருவான். எனக்குக் காட்டினதை அவனுக்கும் காட்டணும். அந்த ரெண்டு தேதியையும் சேர்த்து."

"காட்டுறேம்மா."

அவர் இறங்கிக் கதவைச் சாத்தினார். கப்பல் உதறிக்கொண்டே ஏற்றத்தைத் தாண்டி மறைந்தது. மெக்கானிக் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். பாலம் இறங்கியதும் பாக்கெட்டில் போன் அடித்தது. மச்சினன்தான்.

"என்னாச்சு மாமா? நின்னுச்சா?"

"நிக்கலை."

"அப்பாடா. அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"நாளைக்குப் பையனோட வராங்க" என்றார் மெக்கானிக். "ஸ்கேனரைச் சார்ஜ்ல போட்டு வை. எதையும் அழிச்சிடாதே."