ஆறு வார விலக்கு

விளையாட்டு வகுப்புக்கு மணி அடித்ததும் ஐந்தாம் வகுப்பின் முப்பத்தாறு பேர் உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஓடுவார்கள். முப்பத்தேழாவது மாணவி மட்டும் இரண்டு ஊன்றுகோல்களுடன் நிதானமாக வந்து, சுவரோரப் பலகையில் அமர்ந்து, மடியை விரித்துக்கொள்வாள். பிறவியிலேயே அவளுக்குக் கால்கள் வலுவற்றவை. கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, கழன்ற கம்மல், கடித்துப் போட்ட பென்சில் என எல்லாம் அந்த மடிக்கு வந்து சேரும். பிள்ளைகள் அவளுக்கு ‘லாக்கர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். மூன்று ஆண்டுகளில் ஒரு பொருள்கூடத் தொலைந்ததில்லை. ஒரு நாள்கூட அவள் விளையாடியதும் இல்லை.

கூடத்தின் நடுவே, கூரையின் இரும்பு உத்தரத்திலிருந்து ஒரு கயிறு தொங்கியது. அதன் உச்சியில் ஒரு சிவப்புத் துணி. ஏறி அந்தத் துணியைத் தொட வேண்டும். மற்றவர்கள் கயிற்றைக் காலால் பின்னிக்கொண்டு ஏறுவதைப் பார்க்கும்போதெல்லாம், லாக்கரின் விரல்கள் தாமாகவே மடங்கி இறுகும். அவளுடைய வீடு மூன்றாம் மாடியில், லிஃப்ட் கிடையாது. மாடிப்படியின் கைப்பிடிக் கம்பியைப் பற்றி, உடம்பையே இழுத்து இழுத்து, நாள்தோறும் நாற்பத்தெட்டுப் படி ஏறுகிறவள் அவள். பத்து வயதுக்கு அவள் தோள்கள் அகலமானவை. அவற்றைக் கவனித்தவர் யாருமில்லை. எல்லோருடைய கண்ணும் காலிலேயே நின்றுவிட்டது.

ஆறாம் வகுப்போடு கயிறேறும் போட்டி நெருங்கியது. வகுப்புக்கு ஐந்து பேர். ஐந்தாம் வகுப்பில் ஐந்தாவது ஆளுக்கு அம்மை போட்டுவிட்டது.

“நான் ஏறட்டுமா சார்?” என்று லாக்கர் கேட்டாள்.

உடற்பயிற்சி ஆசிரியர் நல்ல மனிதர். அவள் தலையைத் தடவி, “உனக்குத்தான் டாக்டர் விலக்கு இருக்கேம்மா” என்றார். “போய் ஸ்டோர் ரூம்ல ரிஜிஸ்டர் எல்லாம் இருக்கும், போன வருஷப் போட்டியில யாரு ஏறினாங்கன்னு பாத்து எடுத்துட்டு வா.”

அறையில் தூசி தட்டித் தேடியபோது அவள் தன் பெயரையே தேடினாள். இரண்டாம் வகுப்புப் பதிவேட்டில், அம்மா கொடுத்த மருத்துவரின் சீட்டு ஒட்டப்பட்டிருந்தது: ‘காலில் அறுவைச் சிகிச்சை. ஆறு வாரம் ஓட, குதிக்க வேண்டாம். பிறகு நாள்தோறும் நல்ல உடற்பயிற்சி அவசியம்.’ மூன்றாம் வகுப்புப் பதிவேட்டில் ஆசிரியரின் கையெழுத்து: ‘ஓட, குதிக்க வேண்டாம். டாக்டர்.’ நான்காம் வகுப்பில்: ‘விளையாடக் கூடாது. டாக்டர்.’ இந்த ஆண்டு ஒரே சொல்: ‘விலக்கு.’ ஆண்டுதோறும் பள்ளி திறந்த முதல் வாரத்தில், முந்தைய பதிவேட்டைப் பார்த்துப் புதியதில் எழுதுவது அவர் வழக்கம். எழுதி எழுதி, ஆறு வாரம் தேய்ந்து மறைந்துவிட்டது. உடற்பயிற்சி அவசியம் என்பதும் அதனோடு போய்விட்டது.

நான்கையும் கையிடுக்கில் அடக்கிக்கொண்டு வந்து ஆசிரியரின் மேசைமேல் வரிசையாக விரித்தாள்.

“சார், ஆறு வாரம்னா எத்தனை நாள்?”

“நாப்பத்திரெண்டு. இது கூடவா தெரியாது?”

“எனக்கு மட்டும் மூணு வருஷம் ஆகியும் முடியல சார்.”

அவர் படித்தார். ஒரு முறை; மறுபடி முதலிலிருந்து. காது மடல் சிவந்தது. ஆனாலும் தவற்றை ஒப்புக்கொள்ள நாக்கு எழவில்லை. “சரி, அதுக்காக எடுத்த எடுப்புல கயிறா? விழுந்து வச்சா யாரு பதில் சொல்றது? அம்மாவைக் கூட்டிட்டு வா.”

ஒரு காட்டில் விலங்குகள் கூடி, மீனுக்குக் கால் இல்லையே என்று இரக்கப்பட்டனவாம். பாவம், நீந்தி நீந்திக் களைத்திருக்கும் என்று அதைத் தூக்கி வந்து நல்ல மரநிழலில் படுக்க வைத்தனவாம். அந்தக் கூட்டத்தில் கெட்ட விலங்கு ஒன்றுகூட இல்லை. மீனிடம் கேட்ட விலங்கும் ஒன்றுகூட இல்லை.

மறுநாள் அம்மா வந்தாள். ஆயத்த ஆடைப் பட்டறையில் சட்டைக் காலர் தைப்பவள். அரை நாள் விடுப்பு எடுத்து, வழியில் மருத்துவரையும் பார்த்துவிட்டு வந்திருந்தாள். புதிய சீட்டில் ‘தோளும் கையும் நல்ல வலு. கீழே மெத்தை இருந்தால் ஏறலாம்’ என்றிருந்தது.

“ஆறு வாரம் முடிஞ்சும் நீங்க உட்கார வச்சீங்க, ஸ்கூல் விதி போலன்னு நான் நெனச்சேன். டாக்டர் சொல்லித்தான்னு நீங்க நெனச்சீங்க. நடுவுல மாட்டிக்கிட்டது எம்பொண்ணு” என்றாள் அம்மா.

“விழுந்துட்டா என்னம்மா பண்றது?”

“தூக்கி விடுங்க சார். அதுக்குத்தானே பக்கத்துல நிக்கறீங்க?”

ஆசிரியர் சீட்டை மடித்துப் பதிவேட்டுக்குள் வைத்தார். “ஒரே ஒரு தடவை. பாதியில கை ஓஞ்சா இறங்கிடணும். அப்புறம் கயிறுன்னு பேச்சே எடுக்கக் கூடாது.”

ஆக, அந்த ஒரு ஏற்றத்தில்தான் எல்லாம் இருந்தது.

போட்டியன்று இரு வகுப்பும் கூடத்தை நிறைத்திருந்தன. ஆறாம் வகுப்பில் நான்கு பேர் துணியைத் தொட்டார்கள். ஒருவன் முக்கால் கயிற்றில் வழுக்கி இறங்கினான். ஐந்தாம் வகுப்பிலும் நான்கு பேர் தொட்டுவிட்டார்கள். ஊன்றுகோல்கள் தரையில் தட்டும் ஓசையோடு லாக்கர் நடுவுக்கு வந்தபோது ஆறாம் வகுப்பு வரிசையிலிருந்து ஒரு குரல்: “ஐயோ, பேங்கே கெளம்பி வந்துடுச்சுடா!”

அவளுடைய தோழி, பிள்ளைகள் வாயாடி என்றழைப்பவள், ஊன்றுகோல்களை வாங்கிக்கொண்டாள். “அவனைப் பாக்காதடி. மேல பாரு.”

லாக்கர் மெத்தைமேல் உட்கார்ந்தபடியே கயிற்றைப் பற்றினாள். ஒரு பிடி. இன்னொரு பிடி. உடம்பு தரையை விட்டு எழுந்தது. கால்கள் இரண்டும் கீழே சும்மா தொங்கின. பின்னிப் பிடித்து இளைப்பாற அவை உதவா. கீழே ஆசிரியர் இரு கைகளையும் ஏந்தியபடி, அவள் அசையும் பக்கமெல்லாம் நகர்ந்துகொண்டிருந்தார். ஒன்பதாம் பிடியில் வேகம் குறைந்தது.

“போதும்மா, இறங்கிடு” என்றார் ஆசிரியர்.

“இரண்டாம் மாடிகூட வரல சார்!” என்றாள் அவள், மேலிருந்து.

கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் அவளுக்கும் ஒரு மூச்சு கிடைத்தது. பத்து. பதினொன்று. “ஏய் லாக்கரு, என் கம்மல் உன் பையில இருக்குடி, பத்திரமா இறங்கி வா!” என்று வாயாடி கத்தினாள். பதினான்காம் பிடியில் உள்ளங்கை எரிந்தது. பதினேழாம் பிடியில் சிவப்புத் துணி அவள் முகத்தில் உரசியது. தொட்டால் போதும் என்பது விதி. அவளோ அதைப் பிடித்து இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டுத்தான் விட்டாள்.

அதன்பின் எழுந்த கூச்சலில் கூரையிலிருந்த புறாக்கள் பறந்தன. முதலில் எழுந்து நின்று கைதட்டியவன், ‘பேங்க்’ என்று கேலி செய்த ஆறாம் வகுப்புப் பையன். பிடி பிடியாக அவள் இறங்கி மெத்தையில் சாய்ந்தாள். வகுப்பு அவள்மேல் வந்து விழுந்தது.

கூட்டம் கலைந்தபின் ஆசிரியர் அவளருகே தரையிலேயே சம்மணமிட்டு அமர்ந்தார்.

“தப்பு என்னுதும்மா. டாக்டரோடதும் இல்ல, அம்மாவோடதும் இல்ல. சீட்டை ஒழுங்காப் படிக்காம மூணு வருஷம் உன்னை உட்கார வச்சிட்டேன். அன்னிக்கே சொல்லியிருக்கணும், வாய் வரல. என்னை மன்னிச்சிடு.”

சிவந்த உள்ளங்கையை ஊதிக்கொண்டே அவள் யோசித்தாள். “பரவாயில்ல சார். ஆனா மூணாம் கிளாஸ்ல சக்கர நாற்காலிப் பாப்பா ஒண்ணு இருக்கே, அதுக்கு யாரு சொல்லுவா?”

அவர் எழுந்தார். அன்று பிற்பகலே மூன்றாம் வகுப்பின் வாசலில் போய் நின்று, வகுப்பாசிரியையிடம் அனுமதி கேட்டு உள்ளே சென்று, கடைசி வரிசையில் இருந்த அந்தச் சிறுமியின் முன் குனிந்தார்.

“பாப்பா, உன்கிட்ட நான் இதுவரைக்கும் கேக்கவே இல்ல. அது என் தப்பு. உனக்கு என்ன விளையாடணும்?”

சிறுமி சக்கர நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள். பிறகு, “பந்து” என்றாள். “ஆனா மெதுவாப் போடக் கூடாது.”