வெட்டாமல் மடித்த துணி

காலை ஆறு மணிக்கே எடை பார்க்க வரிசை. ஐந்து பெண்கள், ஐவரும் விளையாட்டுக்காரிகள். சோற்றைக் கண்டாலே பயம் என்று ஆகி, சிகிச்சைக்கு ஆஸ்பத்திரியில் வந்து சேர்ந்தவர்கள். எடை மெஷினில் முதுகைக் காட்டித்தான் ஏற வேண்டும். எண் நர்சுக்கு மட்டும்தான் தெரியும்.

பன்னு என்று எல்லோரும் கூப்பிடும் பெண் மட்டும் இன்றும் முகத்தைக் காட்டி ஏறினாள்.

"திரும்பும்மா. பதினோரு வாரமா இதையேதான் சொல்றேன்."

அவள் பளு தூக்குபவள். பிஸ்கட் கம்பெனி அணியில் நாற்பத்தெட்டு கிலோ பிரிவு. அணியில் இருப்பதால்தான் அதே கம்பெனியில் பாக்கிங் வேலையும். ஏழு வருடமாக அவள் எடையை ஹால் முழுக்கக் கேட்கும்படி கோச் கத்துவார்.

காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். நர்சும் கூடவே உட்கார்ந்து சாப்பிடுவார். ஒரு முட்டையை இருபது துண்டாக்கி வைத்திருந்த ஓட்டக்காரி கேட்டாள்:

"ஏன்டி உனக்கு இந்தப் பேரு?"

"பள்ளிக்கூடத்துல மொத மெடல் வாங்கினப்ப எங்கப்பா ஒரு பை நெறைய பன் வாங்கிட்டு வந்தாரு. பஸ்ஸுல வீடு வர்றதுக்குள்ள ஆறு தின்னுட்டேன். 'நாளைக்கு இந்த பஸ்ஸையே தூக்குவா எம்பொண்ணு'ன்னு கண்டக்டர்கிட்ட ஒரே பீத்தல். அன்னைக்கு அந்த மாவு வாசம் கை பூரா இருந்துச்சு. ரெண்டு நாளா மோந்து பாத்துக்கிட்டிருந்தேன்."

"ஆறா! அடிப்பாவி!"

ஓட்டக்காரி சிரித்த சிரிப்பில் மூன்று துண்டு உள்ளே போனது அவளுக்கே தெரியவில்லை. நர்ஸ் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். தையல்காரி. கம்பெனி அணியின் உடுப்புகளை அளவு சரிசெய்து தருவதும் அவள்தான். தங்கை இளைக்க இளைக்க அவளுடைய நீல அணிச் சட்டையை நாலு தடவை பக்கவாட்டில் பிடித்துத் தைத்திருக்கிறாள். இன்று அதைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

"போட்டுப் பாரு."

கச்சிதமாக இருந்தது. இரண்டு பக்கமும் விரல் அகலத்துக்கு, வெயில் படாத அடர்நீலம்.

"புதுத்துணி ஒட்டுப் போட்டியாக்கா?"

"இல்லடி, அதே துணிதான். ஒவ்வொரு தடவையும் வெட்டாம உள்ளயே மடிச்சு வச்சேன், இப்ப பிரிச்சு விட்டேன். என் தங்கச்சி எப்பவாவது திரும்பி வருவால்ல?"

பன்னு மூக்கை உறிஞ்சினாள்.

"சட்டையில தொடைக்காத, இப்பதான் தேச்சேன்."

வேலைக்குத் திரும்பிய அன்று டாக்டர் கடிதத்தைக் கோச்சிடம் நீட்டினாள். எடையைக் குறைக்கவே கூடாது என்று எழுதியிருந்தது. அவர் அதை மடித்து மேஜைமேல் வைத்தார்.

"ஏறு."

பன்னு முதுகைக் காட்டி ஏறினாள்.

"அம்பத்தி மூணு!" ஹால் முழுக்கக் கேட்டது. "நல்லா ஆயிட்டம்மா, சந்தோஷம். ஆனா எனக்கு ஆள் வேணுங்கறது நாப்பத்தெட்டு கிலோவுக்கு. மேல் பிரிவுல ஆள் இருக்கு."

"பாக்கிங் வேலையாவது சார்..."

"அணியில இருந்தாத்தானே அது? சட்டையைக் குடுத்துட்டுப் போ."

அடுத்த வாரம் அக்காவுக்குக் கம்பெனியிலிருந்து வழக்கமான மூட்டை வந்தது. பிரித்தால், மேலேயே அந்த நீலச் சட்டை. ஒரு சீட்டைக் குத்தியிருந்தார்கள்: 'புதுப் பெண். வயது பதினேழு. இரு பக்கமும் நன்றாகப் பிடிக்கவும்.'

அக்கா கத்தரிக்கோலை எடுத்தாள்.

"வெட்டிடாதக்கா," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பன்னு, வாயில் ரொட்டியோடு.

அக்கா கத்தரிக்கோலைத் தள்ளி வைத்துவிட்டு, அடர்நீலத்தை உள்ளே மடித்து ஊசி குத்தினாள்.