கிளப்பின் ஐஸ் பெட்டி

குமுளியில் கடைக்காரர்களும் ஜீப் ஓட்டுகிறவர்களும் சேர்ந்து நடத்தும் சேவை கிளப்பில் நல்லதம்பிக்கு ஒரே வேலைதான். தொழிலாளர்கள் குடியிருக்கும் எஸ்டேட் லயங்களில் சாவு விழுந்தால் கிளப்பின் ஐஸ் பெட்டியை ஜீப்பில் கொண்டுபோய் வைப்பான். அடக்கம் முடிந்ததும் கழுவி எடுத்து வருவான். காசு வாங்குவதில்லை.

ஆடி மழையில் ஒருநாள் பெட்டி குருவம்மாள் வீட்டுக்குப் போயிற்று. ஏலக்காட்டில் மரம் சாய்ந்து அவள் புருஷன் செத்திருந்தான். திருப்பூரிலிருந்து புறப்பட்ட மகள், மலைப்பாதையில் மண் சரிந்து கம்பம் ஊரில் மாட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை, கஞ்சி குடித்துவிட்டுப் படுத்த நல்லதம்பியின் அம்மா எழுந்திருக்கவில்லை.

தங்கை முருகேஸ்வரி மஸ்கட்டில் வீட்டு வேலை பார்த்தாள். "நான் மொகத்தப் பாக்காம அடக்கம் பண்ணிராதண்ணே. நாளைக்கு வந்துருவேன்" என்று போனில் அழுதாள். சரியென்றான்.

வேறு பெட்டி கம்பத்திலிருந்துதான் வரவேண்டும். பாதை இல்லை. மலையாளியான கிளப் செயலாளர் ரிஞ்சு, "நம்ம பெட்டியல்லே அண்ணா. உங்களுக்கு இல்லாம பின்ன யாருக்கு? போய்க் கேளுங்க" என்றான்.

கேட்டுவிடுவதென்றுதான் நல்லதம்பி போனான். கேட்கத் தேவையிருக்கவில்லை. சேதி எட்டியிருந்தது. குருவம்மாள் பெட்டியைத் திறந்து வைத்திருந்தாள். உடம்பைத் தூக்க ஆட்கள் நின்றார்கள்.

"எடுத்துட்டுப் போங்கண்ணே. எம்மகள்ட்ட நான் சொல்லிக்கிறேன்."

நல்லதம்பி குனிந்தான். மரம் நெஞ்சிலும் இடுப்பிலும் விழுந்திருந்தது. மகள் பார்ப்பதற்கு முகம் மட்டுந்தான் மிச்சம். மூடியைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றவன், அதைச் சாத்தினான்.

"இருக்கட்டும்மா. நான் வேற பாத்துக்கிறேன்."

ரிஞ்சுவும் மற்றவர்களும் மீன் கடைகளில் ஐஸ் கட்டிகள் வாங்கி, சாக்கில் சுற்றி, அம்மாவைச் சுற்றி அடுக்கினார்கள். உருக உருகத் தண்ணீரை வாரி வெளியே ஊற்றினார்கள். ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

மறுநாள் மதியம் முருகேஸ்வரி கொச்சி வழியாக வந்தாள். அம்மா மேல் விழுந்தவள் சட்டென்று தலையைத் தூக்கினாள். அம்மாவின் முகம் உப்பி, உதடு கறுத்திருந்தது.

"அம்மா மேல மீன் கவுச்சி அடிக்குது" என்றாள். "பெட்டி எங்க?"

ரிஞ்சு நடந்ததைச் சொன்னான். அவள் அண்ணனையே பார்த்தாள்.

"ஊருக்கெல்லாம் நல்லவன். பெத்தவளுக்கு மட்டும் ஒன்னால ஆகல."

செய்தது சரியென்று நல்லதம்பிக்கே அப்போது தோன்றவில்லை.

பாதை திறந்து, அன்று சாயங்காலமே குருவம்மாளின் மகள் வந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். மறுநாள் பெட்டியை எடுக்கப் போனவனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் கையை உருவிக்கொண்டு ஜீப்பில் ஏறினான்.

காரியம் முடிந்த கையோடு முருகேஸ்வரி கொச்சி பஸ் ஏறினாள். பஸ் கிளம்பும்வரை அவன் ஜன்னலுக்குக் கீழே நின்றான். அவள் குனிந்து பார்க்கவில்லை. மாதங்கள் ஆகின்றன, அவன் கூப்பிட்டால் அவள் போனை எடுப்பதில்லை.