பூட்டுக்குக் கிடைத்த இடம்

நாட்டின் சரித்திரத்தில் அதுவரை நிகழாத ஒன்று ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, கம்மாய்க்கரைக் காலனி மூன்றாவது சந்தில் நிகழ்ந்தது. அரசாங்கம் தானே நடந்து வந்து ஓர் ஏழையின் கதவைத் தட்டியது.

ஏழை வீட்டில் இல்லை. வேலைக்குப் போயிருந்தாள்.

ஆகவே வீட்டில் எது இருந்ததோ அதைப் பால்வாடியில் சேர்க்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். வீட்டில் பூட்டு இருந்தது.

தட்டியவர் லேசுப்பட்ட ஆள் அல்ல. 'கடைக்கோடிக் குடும்பத்தின் கடைசிக் குழந்தையையும் கண்டடையும் சிறப்பு அலுவலர்' என்பது அவருடைய பதவி. பெயர் தணிகாசலம். பதவியைப் பேனரில் அடித்து, பிடித்துக்கொள்ள இரண்டு பேரையும் கொண்டுவந்திருந்தார். சந்து குறுகல். பேனர் 'கடைக்கோடி' வரைதான் விரிந்தது.

பூட்டுக்கு மாலை போட்டார்கள். படம் எடுத்தார்கள். சாவியை யாரும் தேடவில்லை. படிப்பு என்று சொன்னதுமே பூட்டு தானாக வாயைத் திறந்து, கொண்டியிலிருந்து இறங்கி வந்தது.

அது திண்டுக்கல் பூட்டு. வீட்டுக்காரி குருவம்மாளின் புருஷன் கல்யாணத்தின்போது கொண்டுவந்த ஒரே பொருள். மகள் சுபிக்‌ஷா பிறந்த மறுமாதம் அவன் கேரளத்துக்கு வேலைக்குப் போனான். இரண்டு சாவிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு போனான். சாவி வைத்திருப்பவன் வருவான் என்று குருவம்மாள் கொஞ்ச நாள் நம்பியிருந்தாள். தினமும் காலையில் பூட்டி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள்.

பூட்டு பள்ளிக்குப் போன நேரத்தில் அவள் பைபாஸ் ரோட்டில் எழும்பிக்கொண்டிருந்த கல்யாண மண்டபத்தில் சித்தாளாகக் கலவை சுமந்துகொண்டிருந்தாள். மூன்று வயது சுபியைப் பழைய சேலையால் தூணோடு கட்டியிருந்தாள். பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி. போன மாதம் இன்னொரு சித்தாளின் பையன் அதில் விழுந்து செத்துப்போனான். அன்று அரைநாள் வேலை நின்றது. மறுநாள் தொட்டியில் புதுத் தண்ணீர் விட்டார்கள்.

அதிலிருந்து தொட்டி தினமும் கொஞ்சம் நகர்ந்து தூணின் பக்கம் வந்துகொண்டிருந்தது. குருவம்மாள் மேஸ்திரியிடம் சொன்னாள்.

"தொட்டின்னா வரத்தான் செய்யும். நீ புள்ளையக் கொண்டு வராத" என்றார் மேஸ்திரி.

அதனால் மறுநாள் காலையில் சுபியைத் தூக்கிக்கொண்டு பால்வாடிக்குப் போனாள். பால்வாடி அடுத்த தெருவில்தான் இருந்தது. ஆனால் பிள்ளையோடு போனால் தெரு நீளும். அன்றைக்கு நடுவில் ஒரு ரயில்வே கேட் முளைத்திருந்தது. மூடியிருந்தது. தண்டவாளம் இல்லை. திறக்கும்வரை நின்றாள்.

பால்வாடி டீச்சர் லூர்துமேரி வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"ஒங்க வீட்டுலருந்துதான் ஒண்ணு வந்துருச்சே, அக்கா."

"அது பூட்டு, டீச்சர்."

"பூட்டுன்னா எளக்காரமா? வந்ததுலருந்து ஒரு அழுகை கெடையாது. ஒண்ணுக்கு வருதுன்னு ஓடுறதில்ல. எடை போட்டேன், எங்கிட்ட இருக்கதுலயே அதுதான் சத்தான புள்ள."

உள்ளே எட்டிப் பார்த்தாள். பிள்ளைகளின் வரிசையில் பூட்டு பாயில் உட்கார்ந்திருந்தது. டீச்சர் பெயர் கூப்பிட்டதும் 'டக்' என்றது. அதன் முன்னால் தட்டில் ஒரு முட்டை இருந்தது.

"அது முட்டை திங்காதுல்ல, டீச்சர். எம்புள்ளைக்குக் குடுங்க."

"அது பேருக்கு வந்த முட்டைக்கா. பாவம் சேர்ந்துரும்."

"அப்ப எம்புள்ள?"

"வீட்டுக்கு ஒண்ணு. சாருகிட்ட கேளுங்க. புதன்கெழமை வருவாரு."

புதன்கிழமை குருவம்மாள் வேலைக்குப் போகவில்லை. சுபிக்குத் தலை வாரி, பவுடர் போட்டு, வாசலில் உட்கார வைத்தாள். பதினொரு மணிக்குத் தணிகாசலம் வந்தார். பேனர் வந்தது. குருவம்மாளைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

"நீங்க வீட்டுல இருக்கீங்களேம்மா."

"ஒங்களுக்காகத்தான் சார் இருக்கேன்."

"கஷ்டப்படுற குடும்பம் பகல்ல வீட்டுல இருக்காது. நீங்க இருக்கீங்க. அப்ப ஒங்களுக்குக் கஷ்டமில்ல. சந்தோசம்."

"நான் வேலைக்குப் போய்ட்டா, ஒங்ககிட்ட யாரு சார் புள்ளையக் காட்டுறது?"

"யாரும் காட்ட வேணாம். கதவுல என்ன இருக்கோ அதச் சேத்துக்குவோம். வருசத்துக்கு ஒண்ணு. அடுத்த வருசம் பாப்போம்."

அலுவலர் போன பிறகு குருவம்மாள் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொண்டி வெறுமனே தொங்கியது. பிறகு எழுந்து, வாளியைக் கவிழ்த்துப் போட்டு, சுபியை அதன்மேல் ஏற்றினாள்.

"வெரல இதுக்குள்ள விடு, தங்கம்."

சுபி விட்டாள். விரல் சரியாக நுழைந்தது.

"அழக் கூடாது. அசையக் கூடாது. யாரு வந்தாலும் தொறக்கக் கூடாது. என்ன?"

"நீ வந்தா?"

"நான் சாவியோட வருவேன்."

பூட்டாக இருப்பது எடுத்த எடுப்பில் வராது. முதல் வாரம் சுபி அழுதாள். அடுத்த வாரம் மூக்கை உறிஞ்சினாள். ஆடிக் காற்று ஓய்வதற்குள் அதையும் விட்டுவிட்டாள். சாயங்காலம் குருவம்மாள் வந்து, சாவியை அவள் தொப்புளில் வைத்துத் திருப்புவாள். கூச்சத்தில் சுபி சிரிப்பாள். சிரித்தால் விரல் வெளியே வந்துவிடும். பிறகு இருவரும் உள்ளே போய்ச் சாப்பிடுவார்கள்.

மழைக்காலத்தில் முழங்கை கிறீச்சிட்டது. தேங்காய் எண்ணெய் விட்டாள். பிள்ளையின் உள்ளங்கையில் இரும்பு வாடை வந்தது. தெருவே மெச்சியது.

"ஒம் பூட்டு சமத்துடி, குருவு" என்றாள் எதிர்வீட்டுப் பவுனுத்தாய். "எம்பூட்டும் இருக்கே, தொட்டா கையோட வருது."

தொட்டி இவ்வளவு தூரம் நகர்ந்து வராது என்று குருவம்மாள் நினைத்துக்கொண்டாள். அடுத்த புதன்கிழமைவரை தாங்கினால் போதும். அடுத்த என்பது அடுத்த வருடம்.

வருடம் வந்தது. புதன்கிழமையும் வந்தது. குருவம்மாள் வேலைக்குப் போவதுபோலப் போய், பவுனுத்தாய் வீட்டு அண்டாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். பதினொரு மணிக்குத் தணிகாசலம் வந்து கதவைத் தட்டினார். சுபியின் விரலைப் பிடித்து இரண்டு தரம் இழுத்தார். சுபி அசையவில்லை.

"நல்ல பூட்டு" என்றார்.

அண்டாவுக்குப் பின்னால் குருவம்மாள் கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

"ஆனா இந்த வருசம் பூட்டு சேர்க்கை இல்ல" என்றார் அவர், பேனர் பிடித்தவர்களிடம். "போன வருசம் நடந்தது தப்புன்னு மேல கண்டுபிடிச்சுட்டாங்க. புள்ளைங்க மட்டுந்தான். வீடு பூட்டிருந்தா புள்ள இல்லன்னு அர்த்தம்." சாக்பீஸால் கதவில் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

குருவம்மாள் ஓடி வந்தாள்.

"சார், அது எம்புள்ள சார்."

"புள்ளைன்னா அழும்மா."

"அழு, சுபி."

சுபி அழவில்லை.

"அழுடி. அம்மாதான் சொல்றேன்." தொடையில் கிள்ளினாள். நகம் வழுக்கியது.

"போன வருசம் சேத்த பூட்டு, சார்? அதையாவது எடுத்துட்டு…"

"அது ஒண்ணாங்கிளாஸ் போயிருச்சும்மா. நல்லாப் படிக்கிற புள்ளைய எப்படி நிறுத்துறது?" அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. பேனரைச் சுருட்டிக்கொண்டு அடுத்த சந்துக்குப் போனார்கள். அங்கேயும் எல்லா வீடும் பூட்டியிருந்தது.

குருவம்மாள் மடியிலிருந்து சாவியை எடுத்தாள். மகளின் தொப்புளில் வைத்துத் திருப்பினாள். சாவி சுலபமாகச் சுற்றியது. சுபிக்குக் கூசவில்லை.

"சிரி, தங்கம்."

இன்னொரு தரம் திருப்பினாள். கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பார்த்தாள். கன்னத்தோடு கன்னம் வைத்துப் பார்த்தாள். வெயில் ஏறியிருந்ததால் கன்னம் சுட்டது.

மத்தியானத்துக்குள் வராவிட்டால் மேஸ்திரி வேறு ஆள் வைத்துக்கொள்வார். குருவம்மாள் முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்தாள். தூக்குவாளியை எடுத்துக்கொண்டாள். பழக்கத்தில் இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள்.

பூட்டியிருந்தது.